வடதுருவம் போகாதவர் வரைந்த பனிக்கடல்: ரொமான்டிக் நிலக்காட்சி ஓவியம், ஓர் எளிய அறிமுகம்

எங்கள் தெரு சலூனில் ஒரு போஸ்டர் தொங்குகிறது. பின்னால் பனி மூடிய மலை, நடுவில் அசையாத ஏரி, கரையில் ஒரு மரவீடு, வாசலில் பூத்தொட்டி. வருடக்கணக்காக வெயில் பட்டதில் மலை, ஏரி, பூ எல்லாமே ஒரே வெளிர்நீலமாகிவிட்டன. போன மாதம் என் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பையன் அதைக் காட்டி, “செம ரொமான்டிக்கான இடம்ல?” என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால் ஓவிய வரலாற்றில் ‘ரொமான்டிக் நிலக்காட்சி’ என்று சொல்லும்போது அந்தப் போஸ்டர் கணக்கில் வராது. கப்பலை நொறுக்கிப் போட்ட பனிக்கட்டி, கால் வைக்க இடமில்லாத பாறை, புயலில் முறுகி நிற்கும் மரம், இவைதான் வரும். யாரும் தேனிலவுக்கு டிக்கெட் போடாத இடங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்த ஓவியர்கள் மலை உச்சியில் கேன்வாஸை நிறுத்திவைத்து, கண்ட காட்சியை அப்படியே பிடித்து வந்தார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். இந்த வகையின் மிகப் பிரபலமான பனிக்கடல் ஓவியத்தை வரைந்தவர் வடதுருவப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்.

ரொமான்டிக் என்றால் காதல் இல்லையா?

இடைக்கால ஐரோப்பாவில் படித்தவர்களின் மொழி லத்தீன். அதை விட்டுவிட்டு, பழைய பிரெஞ்சு போல மக்கள் பேசிய மொழிகளில் எழுதப்பட்ட வீரசாகசக் கதைகளுக்கு ‘ரொமான்ஸ்’ என்று பெயர் வந்தது. பாழடைந்த கோட்டை, இருண்ட காடு, வழி தவறிய வீரன், கூடவே கொஞ்சம் காதல். பிற்பாடு ஆங்கிலேயர் ஒருவர் கரடுமுரடான மலையைப் பார்த்து ‘ரொமான்டிக்’ என்றால், “அந்தக் கதைகளில் வரும் இடம் போல இருக்கிறது” என்று அர்த்தம். கோட்டையும் காடும் உதிர்ந்துபோய்க் காதல் மட்டும் அந்தச் சொல்லில் தங்கியது பிறகு நடந்தது.

சுமார் 1790 முதல் 1850 வரை ஐரோப்பிய இலக்கியத்திலும் இசையிலும் ஓவியத்திலும் ஒரு பெரிய திருப்பம் வந்தது. விதி, அளவு, ஒழுங்கு என்று பேசிக்கொண்டிருந்த கலை, தனி மனிதனின் உணர்ச்சி பக்கம் திரும்பியது. இதைத்தான் ரொமான்டிசிசம் என்கிறார்கள். தமிழில் ‘கற்பனாவாதம்’ என்றும் ‘புனைவியல்’ என்றும் எழுதுகிறோம். இரண்டும் எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. ஏதோ இல்லாததை இட்டுக்கட்டியவர்கள் என்ற தொனி வந்துவிடுகிறது. இங்கே ரொமான்டிக் என்றே வைத்துக்கொள்வோம்.

நிலக்காட்சி ஓவியம் என்பது எளிது: மனிதரோ கதையோ முக்கியப் பாத்திரமாக இல்லாமல், நிலமே முக்கியப் பாத்திரமாக இருக்கும் படம்.

புயல் நாளில் அலை பார்க்கப் போகும் கூட்டம்

வங்கக்கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் போதும், கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிடும். போலீஸ் விரட்டும், கூட்டம் பத்தடி பின்வாங்கும், மறுபடி முன்னேறும். அலை மதில் மாதிரி எழும்பும்போது ஒரு “ஓ...” கேட்கும். அந்தச் சத்தத்தில் பயம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதே அலை தெருவுக்குள் வந்து காலை இழுத்தால் சந்தோஷம் ஒரு நொடியில் போய்விடும். மிச்சம் பயம்தான்.

1757இல் எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் எழுதியது ஏறக்குறைய இதைத்தான். அழகு என்பது ஒன்று: சிறியது, மென்மையானது, வழவழப்பானது, நம்மை இளக்குவது. இன்னொன்று அதிலிருந்து முழுக்க வேறானது: பெரியது, இருண்டது, எல்லை தெரியாதது, நம்மை நடுங்கவைப்பது. ஆபத்து மிக அருகில் வந்தால் வெறும் கொடூரம். கொஞ்சம் விலகி நின்றால் அதில் ஒரு கிளர்ச்சி உண்டு. இந்த இரண்டாவதற்கு ‘சப்லைம்’ என்று பெயர். 1790இல் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் அதே கேள்வியை எடுத்துக்கொண்டு, இரண்டு வகை பிரித்தார். அளவால் நம்மைத் திணறவைப்பது ஒன்று, ஆற்றலால் திணறவைப்பது இன்னொன்று. நாம் பாதுகாப்பான இடத்தில் இருந்தால்தான் இது நடக்கும் என்பதை அவரும் வலியுறுத்தினார்.

சப்லைம் என்பதை ‘உன்னதம்’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். உன்னதத்தில் உயரம் இருக்கிறது, நடுக்கம் இல்லை. சங்கப் பாடல்களில் வரும் ‘அணங்கு’ என்ற சொல்தான் இதற்குக் கிட்டத்தில் வருகிறது என்பது என் எண்ணம். மலையிலும் சுனையிலும் உறைந்து, ஈர்க்கவும் வருத்தவும் செய்யும் ஆற்றல் அது.

சரி, இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். ரொமான்டிக் என்பது இங்கே காதல் சமாச்சாரம் கிடையாது. அந்த ஓவியர்கள் தேடியது பெரும்பாலும் சப்லைம், அதாவது பாதுகாப்பான தூரத்தில் இருந்து அனுபவிக்கும் நடுக்கம். சலூன் போஸ்டர் பர்க்கின் முதல் வகை.

ஏன் வடக்கு?

அதற்கு முன்பு நிலக்காட்சி என்றாலே இத்தாலிதான். 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த க்ளோட் லொரான் ஒரு அச்சு வார்த்துக் கொடுத்துவிட்டார்: பொன்னிற மாலை வெளிச்சம், ஓரத்தில் ஒரு மரம், நடுவில் ஆறு, தூரத்தில் இடிந்த கோயில். படிக்கட்டில் இறங்குவது போல முன்புறம், நடுப்புறம், தூரம் என்று கண் நிதானமாக நடந்து போகும். அந்தக் கண்ணுக்கு வடக்கின் மொட்டைப் பாறையும் ஊசியிலை மரமும் முடிக்கப்படாத வேலையாகத்தான் தெரிந்திருக்கும்.

வடக்கை ஓவியத்துக்குள் கொண்டுவந்ததில் ஒரு டச்சுக்காரருக்குப் பெரிய பங்கு. அலார்ட் வான் எவர்டிங்கன் 1644இல் நார்வே, சுவீடன் பக்கம் பயணம் போனார். திரும்பி வந்து அருவி, பாறை, மரக்குடில் என்று வரைந்து தள்ளினார். நல்ல விற்பனை. அவருடைய படங்களைப் பார்த்து, அவரைவிடப் பெரிய ஓவியரான யாக்கோப் வான் ரைஸ்டாலும் அருவிகள் வரையத் தொடங்கினார். ரைஸ்டால் ஸ்காண்டிநேவியாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. மேடு என்று சொல்லவே ஒன்றும் பெரிதாக இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு நுரை பறக்கும் மலையருவிகளை வரைந்தார்.

சுமார் 170 வருடம் கழித்து, நார்வேயின் பெர்கன் நகரத்து மீனவர் ஒருவரின் மகன் கோபன்ஹேகன் கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனான். பெயர் யோஹான் கிறிஸ்டியன் டால், பிறந்தது 1788. அங்கே அவர் ஊன்றிப் படித்தது ரைஸ்டாலையும் எவர்டிங்கனையும். சொந்த நாட்டுப் பாறையை எப்படிப் பார்ப்பது என்பதை ஒரு நார்வேக்காரர் டச்சுப் படங்களில் கற்றுக்கொண்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், நாமும் பல இடங்களை அப்படித்தான் பார்க்கப் பழகியிருக்கிறோம்.

அறைக்குள் கட்டிய பனிக்கடல்

இனி இந்தப் படங்கள் நம்மை நடுங்கவைக்கும் எந்திரத்தைத் திறந்து பார்ப்போம். இதற்கு ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ்தான் சரியான ஆள். 1774இல் பால்டிக் கடற்கரையில் உள்ள கிரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதி ஜெர்மன் நகரமான டிரெஸ்டனில் கழித்தவர். இத்தாலிக்குப் போகாதவர். அவருடைய வேலை அறையை நண்பர் கெர்ஸ்டிங் வரைந்திருக்கிறார். வெறும் சுவர், ஒரு ஸ்டாண்டு, ஒரு நாற்காலி. ஜன்னலின் கீழ்ப்பாதி அடைத்திருக்கிறது, தெரு தெரியக் கூடாது, மேலிருந்து வெளிச்சம் மட்டும் போதும் என்பதுபோல. இயற்கையின் ஓவியர் என்று புகழப்பட்டவர் இயற்கை தெரியாதபடி ஜன்னலை மூடிவிட்டு வேலை செய்தார்! ஓவியர் தன் முன்னால் தெரிவதை மட்டுமின்றித் தனக்குள் தெரிவதையும் வரைய வேண்டும், உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் வெளியே தெரிவதை வரைவதையும் நிறுத்திவிடலாம் என்பது அவர் கருத்து.

வெளியே போகாமல் இல்லை. ஹார்ட்ஸ் மலை, எல்பே ஆற்றுப் பக்கத்து மணற்பாறைகள், ரூகன் தீவு என்று நடந்து நடந்து பென்சிலால் குறித்துக்கொண்டார். ஒரு பாறையின் விரிசல், ஒரு மரத்தின் கிளை, அவ்வளவு துல்லியமாக. படம் என்று வரும்போது வேறு வேறு நாளில், வேறு வேறு ஊரில் எடுத்த துண்டுகளை ஒட்டினார். கதையில் வரும் ஊரை எழுத்தாளர் நாலு ஊரில் இருந்து எடுத்துக் கட்டுவதைப் போல.

‘பனிக்கடல்’ 1823–24இல் வரைந்தது. இன்று ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 97 செ.மீ. உயரம், 127 செ.மீ. அகலம், அதாவது ஒரு சாதாரண சாப்பாட்டு மேசை அளவு. பனிக்கட்டிப் பலகைகள் உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கூராக வானத்தை நோக்கி நிற்கின்றன. முன்னால் இருப்பவை வெள்ளையாகக்கூட இல்லை. மண் கலந்த பழுப்பு, மஞ்சள். பின்னால் போகப் போக நீலம். வலது பக்கம் ஒரு கப்பலின் பின்பகுதி, பாதி முழுகி. முதல் பார்வையில் அது கண்ணில் படவே படாது. மனிதர் ஒருவரும் இல்லை.

இந்தப் பனி எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்தில் வில்லியம் பாரி என்ற ஆங்கிலேய மாலுமியின் ஆர்க்டிக் பயணம் பற்றிய செய்திகள் ஐரோப்பா முழுக்கப் பேச்சாக இருந்தன. ஃப்ரீட்ரிஷ் பார்த்தது அதை இல்லை. 1820–21 குளிர்காலத்தில் எல்பே ஆறு உறைந்து, டிரெஸ்டனில் பனிக்கட்டிகள் உடைந்து குவிந்தன. அவர் அந்தத் துண்டுகளைச் சிறிய எண்ணெய்வண்ணப் படங்களாகப் பதிவுசெய்தார். பழுப்பும் மஞ்சளும் அப்படி வந்தவைதான். ஆற்றங்கரைக் குவியலை எடுத்து, துருவக் கடலாக்கிவிட்டார்.

எப்படி ஆக்கினார்? கப்பலால். இணையத்தில் படம் கிடைத்தால் பெரிதாக்கி, அந்தக் கப்பலைக் கட்டைவிரலால் மறைத்துப் பாருங்கள். பனிக்குவியல் சட்டென்று சிறுத்து, உடைந்த ஓடுகள் கிடக்கும் கொல்லைப்புறம் ஆகிவிடும். விரலை எடுங்கள், மறுபடி மலை. நமக்கு அளவு தெரிந்த பொருளைச் சின்னதாக வரைந்தால் பக்கத்தில் உள்ள அளவு தெரியாத பொருள் தானாகப் பெரிதாகிறது. வாட்ஸ்அப்பில் ஏதாவது விற்கிறவர்கள் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுப்பார்களே, அதே கணக்கு.

ஃப்ரீட்ரிஷின் பதிமூன்றாம் வயதில் அவருடைய தம்பி பனி உடைந்து நீரில் மூழ்கி இறந்திருக்கிறார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் அதைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதை வைத்தே படத்தை விளக்கிவிட்டதாக நினைத்தால் மேலே சொன்ன தச்சுவேலையைத் தவறவிடுவோம்.

நடுவில் பாலம் இல்லை

இரண்டாவது உத்தி, நடுப்புறத்தை எடுத்துவிடுவது. க்ளோட் லொரானின் படிக்கட்டு நினைவிருக்கும். ஃப்ரீட்ரிஷ் அந்தப் படிக்கட்டை உடைத்தார். 1808–10இல் வரைந்த ‘கடலோரத் துறவி’ படத்தில் கீழே ஒரு பட்டை மணல், அதில் நகம் அளவுக்கு ஒரு துறவி, கருத்த கடல் ஒரு கோடு, மீதி எல்லாம் வானம். முதலில் கடலில் கப்பல்கள் வரைந்திருந்தார், பிறகு அழித்துவிட்டார் என்பது பின்னாளில் அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்தபோது தெரிந்தது. கண் பற்றிக்கொள்ள எதையும் விட்டுவைக்கவில்லை. அதைப் பார்த்த எழுத்தாளர் கிளைஸ்ட், கண் இமைகளை வெட்டி எடுத்துவிட்டது போல இருக்கிறது என்று 1810இல் எழுதினார். பாராட்டுத்தான், கொஞ்சம் பயங்கரமான பாராட்டு.

மூடுபனியும் இதே வேலையைச் செய்யும். சுமார் 1818இல் வரைந்த, புத்தக அட்டைகளில் தேய்ந்துபோன அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பாறை மேல் கோட்டு போட்ட ஒருவர், கையில் தடி, முன்னால் பனிமூட்டக் கடல். காலடிப் பாறைக்கும் தூரத்து மலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பனி மறைத்துவிடுகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம்? தெரியாததால் அளவு கூடுகிறது.

அந்த மனிதர் முகம் காட்டமாட்டார். இப்படி முதுகு காட்டி நிற்கும் உருவத்துக்கு ஜெர்மன் மொழியில் ‘ரூக்கன்ஃபிகூர்’ என்று பெயர், முதுகுருவம் என்று சொல்லலாம். தெருவில் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தால் போகிறவர்கள் எல்லோரும் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அவர் பார்க்கும் இடத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் தெரிந்திருந்தால் அது யாரோ ஒருவரின் படம்.

ஆக, எந்திரத்தின் பாகங்கள் இவை: வெளியே எடுத்த குறிப்புகளை அறைக்குள் ஒட்டுவது, தெரிந்த பொருளைச் சிறிதாக்கித் தெரியாததைப் பெரிதாக்குவது, நடுவில் இருக்க வேண்டிய பாலத்தை எடுப்பது, நம் சார்பாக ஒருவரை முதுகு காட்டி நிற்கவைப்பது.

பெயர் உள்ள மலை

டால் 1818இல் டிரெஸ்டனுக்கு வந்தார். 1823 முதல் அவரும் ஃப்ரீட்ரிஷும் எல்பே ஆற்றைப் பார்த்த ஒரே வீட்டில், வெவ்வேறு தளங்களில் குடியிருந்தார்கள். நெருங்கிய நண்பர்கள், ஆனால் கை வேறு. ஃப்ரீட்ரிஷ் ஜன்னலை மூடினார் என்றால், டால் ஜன்னல் வழியே தெரிந்த மேகத்தை ஈரம் காயும் முன் எண்ணெய்வண்ணத்தில் பிடித்தார். ஃப்ரீட்ரிஷின் மலை எங்கே இருக்கிறது என்பது பல நேரம் முக்கியமில்லை. டாலின் மலைக்குப் பெயரும் ஊரும் உண்டு.

பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? 400 வருடத்துக்கும் மேல் டென்மார்க்கோடு கட்டுண்டு கிடந்த நார்வே 1814இல் பிரிந்து, தனக்கென ஓர் அரசியல் சாசனம் எழுதியது. அதே வருடம் சுவீடனுடன் சேர்க்கப்பட்டது. முழு விடுதலைக்கு 1905 வரை காத்திருந்தது. “நாங்கள் யார்?” என்ற கேள்விக்குப் பதிலாகக் காட்ட அந்த நாட்டிடம் பெரிய அரண்மனைகள் இல்லை. மலை இருந்தது. 1811இல் நாட்டை விட்டுப் போன டால், 1826இல்தான் முதன்முறையாகத் திரும்பி வந்து, உள்நாட்டு மலைகளைக் கடந்து பெர்கன் வரை போனார்.

அந்தப் பயணத்தில் ஸ்டால்ஹைம் என்ற மேட்டில் நின்று ஒரு பள்ளத்தாக்கைக் குறித்துக்கொண்டார். அதை ஓவியமாக முடித்தது 1842இல், பதினாறு வருடம் கழித்து, டிரெஸ்டனில். 190 செ.மீ. உயரம், 246 செ.மீ. அகலம், ஒரு சுவரையே கேட்கும் படம். இருபுறமும் சரியும் மலைகள், நடுவில் மொட்டையான கூம்பு மலை, மேலே வானவில். கீழே பார்த்தால், மேட்டில் சில பண்ணை வீடுகள், புகை, ஆட்கள், கால்நடைகள். ஃப்ரீட்ரிஷின் கப்பல் செய்யும் வேலையை இங்கே இந்த வீடுகள் செய்கின்றன, மலையைப் பெரிதாக்குகின்றன. ஆனால் இந்த வீடுகள் நொறுங்கவில்லை. இவ்வளவு பெரிய பாறைக்கு நடுவிலும் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். நடுங்கவைக்கும் இடம் சொந்த ஊராகவும் இருக்கிறது. நார்வேக்காரர்கள் இந்தப் படத்தில் தங்களைக் கண்டுகொண்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மேட்டில் ஹோட்டல் வந்துவிட்டது.

டாலைப் பற்றி இன்னும் இரண்டு வரி. கிறிஸ்டியானியாவில் (இன்றைய ஆஸ்லோ) தேசியக் கலைக்கூடம் உருவாகவும், பழைய மரத் தேவாலயங்களைக் காப்பாற்றவும் டிரெஸ்டனில் இருந்தபடியே அலைந்தவர் அவர். ஃப்ரீட்ரிஷ் 1840இல் கிட்டத்தட்ட மறக்கப்பட்டவராக இறந்தபோது ‘பனிக்கடல்’ விற்காமல் கிடந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டவர் டால். அரை நூற்றாண்டு கழித்து ஃப்ரீட்ரிஷை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் ஆந்திரேயாஸ் ஔபெர்ட் என்ற நார்வே ஆய்வாளர். அவர் தேடிப் போனது டாலை. வழியில் கிடைத்தவர் டாலோடு ஒரே வீட்டில் குடியிருந்த நண்பர் ஃப்ரீட்ரிஷ்.

உண்மையிலேயே வடக்கே போனவர்

ஒருவர் நிஜமாகவே போனார். பேடர் பால்கே, 1804இல் நார்வேயில் பிறந்தவர், 1832இல் ஐரோப்பாவின் வடகோடி என்று சொல்லப்படும் வடமுனை (North Cape, நார்வேயின் ஒரு கடல்முனை, வடதுருவம் இல்லை) வரை பயணம் செய்தார். பிறகு பாரிசில் அவருக்கு அமைந்த வாடிக்கையாளர் பிரெஞ்சு மன்னர் லூயி ஃபிலிப். மன்னரும் இளம் வயதில் நாடுகடந்து திரிந்தபோது 1795இல் அதே வடமுனைக்குப் போயிருக்கிறார்! படங்களுக்குப் பெரிய ஆர்டர் கிடைத்தது. 1848இல் புரட்சி வந்து மன்னரே ஓட வேண்டியதாயிற்று. அப்போது செய்த சிறிய மாதிரிப் படங்கள் இன்னும் லூவ்ரில் இருக்கின்றன.

பால்கேயின் ஓவியத் தொழில் அதோடு தேய்ந்தது. கிறிஸ்டியானியாவில் தொழிலாளர்களுக்கு வீடு, அரசியல் என்று இறங்கிவிட்டார். ஆனால் தனக்காக வரைவதை நிறுத்தவில்லை. பல படங்கள் போஸ்ட்கார்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பை மெல்லிசாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே துடைத்து எடுப்பார்; துடைத்த இடம் அலை நுரை, துடைக்காத இடம் பாறை. நாலைந்து இழுப்பில் ஒரு கடல். டாலின் 1842 சுவரளவு கேன்வாஸ் செய்ததை இங்கே உள்ளங்கை அளவுப் பலகை செய்கிறது. நுரைக்கு நடுவில் உற்றுப் பார்த்தால் ஒரு கொசு அளவுக்குக் கறுப்புக் கீறல் இருக்கும். அது ஒரு படகு.